வெர்லீன் போட்ட மஞ்சள் அடையாளம்

எங்கள் தெருவில் வெர்லீன் பூக்கரிடம் வாய் கொடுத்துவிட்டு ஜெயித்துத் திரும்பியவர் யாரும் இல்லை. நானும் பலமுறை கொடுத்துப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். டெட்ராய்ட்டில் ஒரே ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தோம். வண்டிகள் வரிசையாக நகர்ந்து வரும் லைனில் அவள் பாகங்கள் பூட்டினாள், நான் பெயிண்ட் அடித்தேன். இப்போது அடுத்தடுத்த வீடு. என் பெயர் எல்ராய். இந்தக் கதையில் நான் செய்த நல்ல காரியம் பெயிண்ட் அடித்தது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் குறுக்கே நின்றேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எழுபதாம் வருடம் வேலைக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்போது எங்கள் லைனில் ஓடியது இரண்டு கதவும் பெரிய இன்ஜினும் வைத்த வண்டி. மிதித்தால் உட்கார்ந்தவர் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை, இந்த ஊரில் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லிவிடுவார்கள். இன்ஜினையும் உள்ளே உட்காருகிறவர்களையும் பிரிக்க நடுவில் ஓர் இரும்புத் தகடு இருக்கும். கிளட்ச் மிதியிலிருந்து வரும் கம்பியை அந்தத் தகட்டின் ஓட்டை வழியாக விட்டு, ரப்பர் உறை மாட்டி, நாலு ஸ்க்ரூ முடுக்குவது அவள் வேலை. முடித்ததும் மஞ்சள் மெழுகுக் குச்சியால் தகட்டின் மேல் ஓர் அடையாளம் போட வேண்டும். அடையாளம் போடாத வேலை எங்கள் லைனில் செய்யாத வேலைதான், எத்தனை ஸ்க்ரூ முடுக்கியிருந்தாலும் சரி.

எல்லாரும் ஒரு டிக் போடுவார்கள். இவளும் டிக் போட்டாள். ஒரு வாரம் கழித்து ஃபோர்மன் வந்து, இது யார் போட்டது, அது யார் போட்டது என்று எப்படித் தெரியும் என்று கத்தியிருக்கிறார். அன்றிலிருந்து தன் டிக்குக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தாள். அவள் இடது கைக்காரி என்பதால் டிக்கும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். உலகத்தில் வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள் என்பாள். உலகத்தை அவள் முழுசாகப் பார்த்துவிட்ட மாதிரிதான் எப்போதும் பேச்சு.

லைனில் பக்கத்தில் நின்ற ஆண்கள் சும்மா இருப்பார்களா? கிளட்ச் மாட்டத்தான் உனக்குத் தெரியும், மிதிக்கத் தெரியுமா என்று சாப்பாட்டு நேரத்தில் தினமும் கேட்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து சிரித்தவன்தான்.  அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பாஸ்டரின் பழைய டிரக்கை இரவல் வாங்கி, சர்ச் வாசலிலேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினாள். அந்த டிரக்கின் கியர் பெட்டி பட்ட பாட்டுக்கு இரண்டு வாரம் தனியாக ஜெபம் செய்தார்கள் என்று சொல்லிக்கொள்வோம்.

ஆனால் தான் கிளட்ச் மாட்டிய அந்த வண்டியை அவள் வாங்கவில்லை. வீட்டில் அம்மாவும் நாலு தம்பி தங்கைகளும். எல்லாரையும் ஏற்றிப்போக நாலு கதவு வைத்த சாதுவான வண்டி ஒன்றை வாங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் வுட்வர்ட் சாலை ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவாள். பையன்கள் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை உறுமிக்கொண்டு போவார்கள். கையில் இஞ்சி சோடா பாட்டிலை வைத்துக்கொண்டு, "அதோ போறான் பாரு, அவன் மிதிக்கிறது நான் மாட்டினது" என்பாள். ஒரு நாள் நானே ஓட்டிக்கொண்டு இந்த வழியாகப் போவேன் என்றும் சொல்வாள். நாற்பது வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்றபின் அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மிச்சிகன் முழுக்க எங்கே பழைய வண்டி கிடந்தாலும் கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், பானெட்டைத் தூக்கி, தன் அடையாளம் இருக்கிறதா என்று தகட்டைத் தேய்த்துப் பார்ப்பாள். கிளட்ச் வண்டியில் பாதி நம் ஷிஃப்டில் ஓடியதுதானே, ஒன்றாவது மாட்டாதா என்பது அவள் கணக்கு. பெரும்பாலானவற்றில் யாரோ மேலே பெயிண்ட் அடித்திருப்பார்கள், இல்லையென்றால் தகடே துருவாகிப் போயிருக்கும். மழை பெய்யாத நாளெல்லாம் போனாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு நாள் லபியர் ஊர்ப் பக்கத்து வயல் ஒன்றிலிருந்து போன் வந்தது.

"எல்ராய், டிரெய்லர் எடுத்துட்டு வா. கேள்வி எதுவும் கேக்காத."

போனேன். களைகளுக்கு நடுவே அந்த வண்டி தரையோடு தரையாகக் கிடந்தது. டிக்கியில் ரக்கூன் என்கிற காட்டு விலங்கு குட்டிகளோடு குடியிருந்தது. கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. வெர்லீன் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நடுத்தகட்டில், ஐந்து விரலால் தேய்த்த அழுக்குக்கு நடுவே, எதிர்ப்பக்கம் சாய்ந்த ஒரு மஞ்சள் டிக், கீழே ஒரு புள்ளி.  ரக்கூனும் உன் கூட வருமா என்று மட்டும் கேட்டு வைத்தேன்.

அதைச் சரிசெய்யப் பத்து வருடம் ஆனது. எங்கள் ஊர் சாலையில் குளிர்காலத்தில் பனி உருகக் கொட்டுகிற உப்பு வண்டியைக் கீழிருந்து தின்றிருந்தது. அடித்தளத்தை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்தாள். இன்ஜினைப் பிரித்து, வண்டியோடு பிறந்த இன்ஜின்தானா என்று அதில் பொறித்த எண்ணை வண்டி எண்ணோடு ஒத்துப் பார்த்து, திரும்பப் பூட்டினாள். ஒரு கதவுக் கைப்பிடிக்காக ஒஹையோ வரை போய் வந்தாள். ரேடியோவின் குமிழ் கூட அந்த வருடத்துக் குமிழாக இருக்க வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றாள்.

பெயிண்ட் என் வேலை. கரும்பச்சை. வண்டி முழுக்க அடிப்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. அந்த நடுத்தகட்டில்தான் மாட்டிக்கொண்டேன். மஞ்சள் அடையாளத்தைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு அன்றைய பெயிண்டை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் அதே நிறத்தில், அதே மங்கலில், ஓரம் தெரியாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மூன்று வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். என் வாழ்நாளில் நான் அடித்த நல்ல பெயிண்ட் எது என்று கேட்டால், அடிக்காமல் விட்ட அந்த மூன்று விரல் இடத்தைத்தான் காட்டுவேன்.

முதல் கண்காட்சிக்கு டிரெய்லரில்தான் கொண்டுபோனோம். அப்படித்தான் வழக்கம். ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று தங்கப் பட்டயம் வாங்க நினைக்கிற வண்டியை யாரும் சாலையில் ஓட்ட மாட்டார்கள், டயரில் மண் ஒட்டினாலும் மதிப்பெண் போகும். பட்டயம் வாங்கினதும் வுட்வர்டில் ஓட்டுகிறேன் என்றாள் வெர்லீன்.

கண்காட்சி நடத்துகிற பழைய வண்டிச் சங்கத்திலிருந்து நடுவராக வந்தவர் நார்பர்ட் என்று ஒருவர். ஒல்லியான மனிதர், கையில் கம்பி நுனியில் பூட்டிய சின்ன முகக்கண்ணாடி, சட்டைப் பையில் நாலு பென்சில். என் பெயிண்டைப் பார்த்து, ஆலை பெயிண்ட் இவ்வளவு வழவழப்பாக இருக்காது என்று மூன்று மதிப்பெண் குறைத்தார். முப்பது வருடம் வழவழப்பாக இல்லை என்று திட்டு வாங்கிய எனக்கு, நன்றாக இருக்கிறது என்று தண்டனை. அடுத்து மஞ்சள் அடையாளத்தைப் பார்த்தார். இப்படி ஓர் அடையாளம் எங்கள் சங்கத்துப் புத்தகத்தில் இல்லை, இப்போதெல்லாம் மெழுகுக் குச்சி வாங்கி ஆளாளுக்குப் போட்டுக்கொள்கிறார்கள் என்று இன்னும் இரண்டு குறைத்தார்.

"அது நான் போட்டது சார்" என்றாள் வெர்லீன்.

"அதைத்தான் மேடம் நானும் சொல்றேன்."

"இப்ப போட்டதில்ல. எழுபதாம் வருஷம் போட்டது."

அவர் நம்பவில்லை. வெர்லீன் சண்டை போடுவாள் என்று நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் அவர் கையிலிருந்த மதிப்பெண் அட்டையை வாங்கித் திருப்பினாள். பென்சில் ஒன்றை உருவி, இடது கையில் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் ஒரு டிக்கும் புள்ளியும் போட்டாள். பிறகு இன்னொன்று. இன்னொன்று. அட்டை நிறையும் வரை போட்டாள். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை.

நார்பர்ட் அட்டையைத் தகட்டின் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். குறைத்த ஐந்தில் தங்கம் போனது போனதுதான், பழைய மதிப்பெண்ணை மாற்ற விதி இல்லை, ஆனால் புத்தகத்தை மாற்றலாம் என்றார். அடுத்த வருடம் அந்த அடையாளத்தின் படமும் வெர்லீன் பூக்கர் என்ற பெயரும் சங்கத்துப் புத்தகத்தில் வந்தன. யார் போட்டது என்று ஆள் பெயரோடு தெரிந்த ஒரே அடையாளம் அந்தப் புத்தகத்தில் அதுதான். என் பங்குக்கு நானும் பெயிண்டின் வழவழப்பைக் கெடுத்துக் கொடுத்தேன். வரும் ஜூலையில் தங்கப் பட்டயம் உறுதி என்று நார்பர்டே போனில் சொன்னார். வெர்லீன் அந்தப் புத்தகத்தை சர்ச்சுக்கு எடுத்துப்போய், பாட்டுக் குழுவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டினாள்.

அந்த ஜனவரியில்தான் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம்.

பிழைத்துக்கொண்டாள். பேச்சு போகவில்லை, போயிருந்தால் தெருவே நம்பியிருக்காது. கை மெல்லத் திரும்பியது, ஆனால் எழுதினால் நடுங்கும். இடது கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஜூன் கடைசியில் சோதித்துப் பார்த்து, கார் ஓட்டலாம் என்று அனுமதித்தார்கள். எங்கள் ஊரில் சாதாரணக் காருக்குக் கிளட்ச் மிதியே கிடையாது, இடது கால் எதற்கு? ஆனால் அந்தக் காலத்துப் பெரிய இன்ஜின் வண்டியின் கிளட்ச், கல்லை மிதிப்பது போல இருக்கும். கராஜில் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். பாதி வரை போய்க் கால் நடுங்கி மேலே வந்துவிட்டது. இன்னொரு முறை மிதித்தாள். மூன்றாம் முறை நான் கராஜை விட்டு வெளியே வந்துவிட்டேன், என்னால் பார்க்க முடியவில்லை.

நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார் என்றேன். எனக்கு ஊர்வலம் போக ஆசையில்லை என்றாள். அப்படியானால் கிளட்ச்சே இல்லாத தானியங்கி கியர் பெட்டி வைத்துவிடலாம் என்றேன். அதற்கு அவள் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

"கிளட்ச்சைக் கழட்டிட்டா அந்த வண்டில என் வேலை எங்கய்யா இருக்கு? அப்புறம் அது யார் வண்டியோ."

ஒரு வாரம் கழித்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற புதுவகைக் கிளட்ச். கம்பி இழுப்பதற்குப் பதிலாக ஒரு சின்ன உருளையில் எண்ணெய் தள்ளும், மிதி பாதி பாரம் ஆகிவிடும். அதை மாட்ட ஒரே ஒரு நிபந்தனை. உருளையை நடுத்தகட்டில், மிதிக்கு நேர் எதிரே புதிதாக ஓட்டை போட்டு உட்கார வைக்க வேண்டும். தள்ளுகிற கம்பி ஒரு நூல் கோணினாலும் சிக்கிக்கொள்ளும். அவள் உள்ளேயிருந்து அளவு எடுத்து வெளியே வந்து விரலை வைத்தாள். விரல் மஞ்சள் அடையாளத்தின் மேல் இருந்தது.

பின்னே எங்கே இருக்கும்? கிளட்ச் கம்பிக்கு ரப்பர் மாட்டிவிட்டு, கைக்கு எட்டும் இடத்தில்தானே அடையாளம் போட்டாள்.

நான் கத்தினேன். ஒத்துக்கொள்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். இன்னும் மூன்றே வாரத்தில் தங்கப் பட்டயம். ஓட்டை போட்டால் இந்த ஜென்மத்துக்கும் கிடையாது. புத்தகத்தில் பெயரோடு வந்த அடையாளம். அதைக் காப்பாற்ற நான் மூன்று வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது உனக்கு விளையாட்டாக இருக்கிறதா என்று கேட்டேன். உன் கையெழுத்தை நீயே ஓட்டை போடுவாயா என்றும் கேட்டேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "அது கையெழுத்து இல்ல எல்ராய். வேலை முடிஞ்சுதுன்னு சொல்றதுக்குப் போட்டது. வேலை இப்ப முடியல."

நான் கோபித்துக்கொண்டு போய்விட்டேன். பத்து நாள் அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. என் வீட்டு முன்புறப் புல்லை ஐந்து முறை வெட்டினேன், அங்கிருந்து அவள் கராஜ் தெரியும் என்பதால். கதவு திறந்தே இருந்தது. அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள். டிரில்லைத் தொடவே இல்லை. எனக்காகத்தான் காத்திருக்கிறாள் என்பது புரிய இந்த மரமண்டைக்குப் பத்து நாள் ஆயிற்று.

ஜூலை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை காலை, போய் நின்றேன்.  வெர்லீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"நடுப்புள்ளி எங்க வருதுன்னு பாரு" என்றாள்.

அளந்து பார்த்தேன். இரண்டாம் முறையும் அளந்தேன். துளையின் நடு, மஞ்சள் புள்ளிக்கு மேலேயே வந்தது, ஒரு நூல் கூட இப்படி அப்படி இல்லை.

"அம்பத்தி நாலு வருஷம் முன்னாடியே அளவு எடுத்து வெச்சிருக்கேன் பாத்தியா" என்றாள். சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்தி சமாளித்தேன்.

நான் போடுகிறேன் என்று டிரில்லுக்குக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. வட்டமாக அறுக்கும் பல் மாட்டிய டிரில்லை வலது கையில் பிடித்து, நடுங்குகிற இடது கையை அதன் மேல் வைத்து, புள்ளியில் நுனியை ஊன்றினாள். நான் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். இரும்பு கிறீச்சிட்டது. மஞ்சள் தூள் கொஞ்சம், பச்சைத் தூள் கொஞ்சம், பிறகு வெறும் இரும்புத் தூள். காசு அளவில் ஒரு வட்டத் தகடு கழன்று விழுந்தது. டிக்கின் அடிப்பாகம் அதில் இருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. ஓட்டையின் விளிம்புக்கு நான்தான் தூரிகையால் பெயிண்ட் தொட்டு வைத்தேன், துரு பிடிக்கக் கூடாதே.

சாயங்காலத்துக்குள் உருளையை மாட்டி, எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றினோம். அவள் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். மிதி தரை வரை போனது, அங்கேயே நின்றது. கால் நடுங்கியது, ஆனால் விடவில்லை. இறங்கி வந்து, மேசை இழுப்பறையில் தேடி ஒரு மஞ்சள் மெழுகுக் குச்சி எடுத்தாள். புது உருளைக்குப் பக்கத்தில், இடது கையால், ஒரு டிக், கீழே ஒரு புள்ளி. முன்பு கண் இமைக்கும் நேரத்தில் போட்டதற்கு இப்போது நிறைய நேரம் பிடித்தது. கோடு வளைந்து வளைந்து போனது. அவள் அதைத் திருத்தவில்லை.

கண்காட்சிக்கு வரவில்லை என்று நார்பர்டுக்கு நான்தான் போன் செய்தேன். காரணத்தையும் சொன்னேன்.  அவர் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்டில் வழக்கம்போல கூட்டம். மைல் கணக்கில் மடக்கு நாற்காலிகள், இறைச்சிக் குழம்பு ஊற்றிய கோனி ஹாட் டாக் வாசனை, எங்கே பார்த்தாலும் உறுமல். வெர்லீன் சர்ச்சுக்குப் போடுகிற மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓட்டினாள். எட்டாம் மைல் என்ற குறுக்குச் சாலையைத் தாண்டியதும் முதல் சிக்னலிலேயே வண்டி அணைந்துபோனது. பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள், அவன் நிறுத்திக்கொண்டான். மறுபடி கிளப்பினாள். அதன்பிறகு ஒருமுறை கூட அணையவில்லை. நாற்பது வருடம் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடத்தைக் கடந்தபோது இரண்டாம் கியரில் ஒரு மிதி மிதித்தாள். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சாலையோரம் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை, முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்ததில் எனக்கு இருந்த பெருமை, என் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை. என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

அதே சாலையில் பர்மிங்காம் என்ற ஊர்ப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினோம். நார்பர்ட் அங்கே உட்கார்ந்திருந்தார், மடியில் சிப்ஸ் பொட்டலம், சட்டைப் பையில் அதே நாலு பென்சில். எழுந்து வந்தார். பானெட்டைத் திறக்கலாமா மேடம் என்று கேட்டார். வெர்லீன் திறந்தாள்.

அவர் குனிந்து உருளையைப் பார்த்தார். ஓட்டையின் மேல்பக்கம் மிச்சமிருந்த பழைய டிக்கின் இரண்டு நுனிகளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வளைந்து நெளிந்திருந்த புது அடையாளத்தைப் பார்த்தார். என்ன சொல்வாரோ என்று நான் முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு பென்சிலையும் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்தார்.

"தேதி?"

"இந்த வருஷம் ஜூலை பன்னண்டு."

எழுதிக்கொண்டார். "போட்டது யாரு?"

"அதே ஆளுதான்" என்றாள் வெர்லீன்.

அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். அவள் பானெட்டைச் சாத்திவிட்டு, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்தாள்.